நிக்கான் எஃப்.எம்.2: இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

கல்யாணம், பத்திரிகை, ஸ்டுடியோ, பயணம் என்று எல்லா வேலைக்கும் ஒரே கேமராவை வைத்துப் பிழைத்தவர்கள் கையில் அதிகம் புழங்கியது இந்த எஃப்.எம்.2 ஃபிலிம் கேமரா. 1982 முதல் 2001 வரை தயாரிப்பில் இருந்தது. 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த, பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் இதில்தான் பதிவானது, 105 மி.மீ. லென்ஸ், கோடாக்குரோம் 64 ஃபிலிம்.

ஷட்டர் முழுக்க இயந்திர இயக்கம். 1 நொடியிலிருந்து 1/4000 நொடி வரை எந்த வேகத்துக்கும் பேட்டரி தேவையில்லை. இரண்டு எல்.ஆர்.44 பட்டன் செல்கள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அவை தீர்ந்தாலும் வெளிச்சத்தைக் கண்ணால் கணித்து வேலையை முடித்துவிடலாம்.

தொழிலுக்கு இதைவிடப் பெரிய வசதி ஃபிளாஷ் வேகம், அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் ஃபிளாஷ் 1/60 வரைதான் ஒத்துப்போகும். உச்சி வெயிலில் மாப்பிள்ளை அழைப்பு என்று வையுங்கள். 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமில் 1/60 என்றால் லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்க வேண்டும். கைடு நம்பர் (ஃபிளாஷின் திறனைச் சொல்லும் எண், இதைத் துளை எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் கிடைக்கும்) 25 உள்ள ஃபிளாஷ் ஒரு மீட்டரைத் தாண்டி எட்டாது. 1/250இல் எஃப் 11 போதும், அதே ஃபிளாஷ் இரண்டேகால் மீட்டர் போகும். தலைப்பாகையின் நிழல் முகத்தில் விழாமல் காப்பாற்றுவது அந்த ஒன்றேகால் மீட்டர்தான். முதலில் வந்த மாடலில் இந்த வேகம் 1/200. 1984க்குப் பிந்தைய எஃப்.எம்.2என் மாடலில்தான் 1/250. அதன் வரிசை எண் 'என்' எழுத்தில் தொடங்கும். வாங்கினால் இதையே வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து தானே அளவாக அடிக்கும் டி.டி.எல். ஃபிளாஷ் கிடையாது, தூரத்தை வைத்து நீங்களே கணக்குப் போட வேண்டும். வியூஃபைண்டரில் 93 சதவீதம்தான் தெரியும், ஓரத்தில் ஒளிந்திருந்த ஒயர் பிரிண்டில் வந்து நிற்கும். ஃபிலிம் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் ஷட்டர் விடுபடும். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நெற்றியில் குத்தும். அருமையான கேமராவில் இப்படி ஒரு தொல்லையை ஏன் வைத்தார்களோ!

கடையில் சோதிக்கும்போது பின்கதவைத் திறந்து எல்லா வேகத்திலும் ஷட்டரை அடித்துப் பாருங்கள். 1 நொடியும் 1/2 நொடியும் இழுத்தாலோ பாதியில் நின்றாலோ உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஷட்டர் இதழ்களில் எண்ணெய்க் கறையோ மடிப்போ இருந்தால் வேண்டாம். இதழ்கள் மிக மெல்லியவை, விரல் பட்டாலே வளையும். கதவு ஓரத்துக் கறுப்பு நுரையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஒளி கசிந்து படத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். ஆனால் அது கவலைப்படும் கோளாறு அல்ல: பழைய நுரையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு, புதுப் பட்டையை ஒட்டினால் தீர்ந்தது. படம் எடுக்கும்போது உள்ளே மேலெழும் கண்ணாடி வந்து மோதும் இடத்தில் உள்ள நுரையையும் கூடவே மாற்றுங்கள். அது துகளாகி வியூஃபைண்டர் ஸ்கிரீனில் விழும்.

ஃபிலிம் ஏற்றியதும் ரீவைண்ட் குமிழைச் சுற்றித் தளர்வை எடுத்துவிட்டு லீவரைத் தள்ளுங்கள். குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை, 36 படமும் காற்றில் போகும்.

லென்ஸில் ஒரு எச்சரிக்கை. துளை வளையம் இல்லாத ஜி வகை லென்ஸ் மாட்டிக்கொள்ளும், ஆனால் துளை எப்போதும் மிகச் சிறியதாகவே நிற்கும். துளை அளவை மீட்டருக்குத் தெரிவிக்கும், வளையம் உள்ள நிக்கானின் ஏ.ஐ., ஏ.ஐ.-எஸ் வகை லென்ஸ்களே சரி; ஏ.ஐ.க்கு முந்தைய லென்ஸை மாட்டவே கூடாது.

தானியங்கி வேகமும் டி.டி.எல். ஃபிளாஷும் வேண்டுமென்றால் நிக்கானின் எஃப்.இ.2 கேமராவைப் பாருங்கள். பேட்டரி போனால் அதில் 1/250உம், பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் 'பல்ப்' நிலையும் மட்டுமே மிஞ்சும்.