பிட்ஸ்பர்க்கில் குடியிருத்தல்: பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்புரை

பிட்ஸ்பர்க்கிற்குக் குடிவரலாமா என்று யாராவது கேட்டால், எந்தப் பிட்ஸ்பர்க்கிற்கு என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கமாகிவிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், அலெகெனி, மனோங்ககேலா என்னும் இரண்டு ஆறுகள் கலந்து ஒஹாயோ ஆறாகப் புறப்படும் முனையில் இந்த நகரம் அமைந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 3,03,000 பேர் வாழ்கிறார்கள். மலைச்சரிவுகளும் ஓடைப் பள்ளங்களும் ஊரைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பதால், இவர்கள் 90 வட்டாரங்களில் தனித்தனிச் சிற்றூர்க்காரர்களைப் போல வாழ்கிறார்கள். ஒரு வட்டாரத்துக்காரர் இதைவிட நல்ல ஊர் கிடையாது என்பார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று வட்டாரங்களில் குடியிருந்து, இரண்டு விதமான பேச்சையும் கேட்டு, வெவ்வேறு காலங்களில் இரண்டு விதமாகவும் பேசியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய தந்தையும் கணவரும் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆலை 1986இல் மூடப்பட்டது. ஆலை இருந்த ஆற்றங்கரையில் இன்று பெரிய கடைத்தொகுதி இருக்கிறது. பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நின்று பழைய இடத்தை அடையாளம் காட்டுகின்றன. 1950இல் 6,76,000க்கு மேல் இருந்த நகரத்து மக்கள்தொகை பாதிக்கும் கீழே போனதற்குப் பல காரணங்கள் உண்டென்றாலும், எஃகுத் தொழில் சரிந்ததும் புறநகர்களுக்குப் பலர் குடிபெயர்ந்ததும் முதன்மையானவை. விந்தையான செய்தி என்னவென்றால், அமெரிக்க ஊர்களைத் தரவரிசைப்படுத்தும் வழிகாட்டி நூல் ஒன்று, வாழ்வதற்கு மிக ஏற்ற நகரம் என்று பிட்ஸ்பர்க்கை 1985இல் அறிவித்தது. அதைப் பற்றி அந்த மூதாட்டியிடம் கேட்டேன். “எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் அப்போது வேலையில்லை. ஆனாலும் அவர்கள் எழுதியது பொய் என்று சொல்ல மாட்டேன்” என்றார். அவருடைய பிள்ளைகள் மூவரும் வேலை தேடித் தென் மாநிலங்களுக்குப் போனவர்கள், ஒருவரும் திரும்பவில்லை. அவருக்கோ இந்த ஊரைத் தவிர வேறோர் ஊரில் உறக்கம் வராது.

இன்று ஊருக்குச் சோறு போடுவன மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும்தான். 1955இல் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்ட ஜோனஸ் சால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உருவானது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கணினித் துறையும் இயந்திர மனிதத் துறையும் வளர்ந்திருக்கின்றன. இந்த வேலைகளை நம்பி வருபவர்களுக்கு ஊர் தாராளமாகவே கைகொடுக்கிறது. கடற்கரைப் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் வீட்டு விலை குறைவு; ஆசிரியரும் செவிலியரும் சொந்த வீடு வாங்குவதை இங்கே கண்ணாரக் காண்கிறேன்.

என்னை இங்கே நிலைக்க வைத்தது நூலகம் என்று சொன்னால் மிகையாகாது. ஓக்லாந்து வட்டாரத்தில் 1895இல் திறக்கப்பட்ட கார்னகி நூலகத்தின் வாசலுக்கு மேல், மக்களுக்கு இலவசம் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். வந்த புதிதில், கார் வாங்காத முதல் குளிர்காலத்தில், என் மனைவியும் கைக்குழந்தையும் நானும் ஞாயிறு பிற்பகல்களை அங்கேதான் கழித்தோம். வெப்பக் குழாய்க்கு அருகிலிருந்த மர இருக்கையில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நாங்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். யாரும் எங்களை எழுந்து போகச் சொன்னதில்லை. பூங்காக்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நகரத்துக்குள்ளேயே, அடர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடக்கலாம்.

அக்கம்பக்கத்தாரின் பழக்கவழக்கம் இந்த ஊரின் தனிச் சொத்து. பனி கொட்டிய காலையில், மண்வாரியால் ஒரு மணி நேரம் தள்ளிக் கார் நிறுத்தும் இடத்தைத் துப்புரவாக்கியவர், வேலைக்குப் புறப்படும்போது அந்த இடத்தில் பழைய சமையலறை நாற்காலி ஒன்றை வைத்துவிட்டுப் போவார். மாலை வரை வேறு யாரும் அங்கே வண்டியை நிறுத்த மாட்டார்கள். இதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தெருவே காக்கும் நியதி இது. எங்களுக்கு முதல் நாற்காலியைக் கொடுத்தவர் மேற்சொன்ன மூதாட்டிதான். ஒரு கால் சற்றுக் குட்டையான, மஞ்சள் பிளாஸ்டிக் உறை கிழிந்த நாற்காலி அது. சாலைச் சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்ததும், எதிரில் நம் பாதையைக் குறுக்கிட்டு இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் முதல் வண்டிக்கு வழிவிடும் வழக்கமும் இத்தகையதுதான். வெளியூர்க்காரர்கள் முதலில் மிரண்டு போவார்கள்.

மலைகளைப் பற்றி ஏமாறாமல் இருக்க வேண்டும். நாங்கள் முதலில் வீடு தேடியபோது, வரைபடத்தில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நான்கு நிமிட நடை என்று காட்டிய தெரு, நேரில் போய்ப் பார்த்தால் படிக்கட்டாக இருந்தது. பெயர்ப்பலகையோடு, ஒரு பக்கம் துருப்பிடித்த கைப்பிடியோடு மேலேறும் சிமெண்டுப் படிகள். எண்ணிக்கொண்டே ஏறி, நூற்று நாற்பதுக்கு மேல் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். இப்படிப்பட்ட பொதுப் படிக்கட்டுகள் நகரில் 700க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பல, அலுவல்முறையில் தெருக்களாகவே பதிவாகியிருக்கின்றன. ஆலைத் தொழிலாளர்கள் மேட்டிலிருந்த வீட்டுக்கும் ஆற்றங்கரை ஆலைக்கும் நடந்துபோன வழிகள் இவை. இளைஞர்களுக்கு இவை அழகு. முழங்கால் வலிப்பவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுபவர்களுக்கும், பனி உறைந்த மாதங்களில் எல்லோருக்கும், இவை தடை. பீச்வியூ வட்டாரத்தில் கேன்டன் அவென்யூ என்னும் தெருவின் சரிவு 37 விழுக்காடு. நான் அதில் ஒருமுறை ஏறி இறங்கியதோடு சரி.

காற்றின் தரம்தான் என் மிகப் பெரிய குறை. 1940களில் நண்பகலிலும் தெருவிளக்கு எரியவேண்டிய அளவுக்குப் புகை சூழ்ந்திருந்த ஊர் இது என்பதும், அதிலிருந்து வெகுதூரம் முன்னேறியிருக்கிறது என்பதும் உண்மை. இருந்தாலும் மனோங்ககேலா பள்ளத்தாக்கில், கிளேர்ட்டனில், நிலக்கரியைச் சுட்டு, இரும்பு உருக்கும் உலைக்கான கோக் என்னும் கரியைத் தயாரிக்கும் பெரிய ஆலை இன்னும் இயங்குகிறது. காற்றசைவு இல்லாத தெளிந்த இரவுகளில் தரை விரைவாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி நிற்க, அதற்கு மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் அமர்கிறது. தரையருகே வெளியேறும் எந்தப் புகையும் வெயில் ஏறும் வரை கலையாது. இதே ஆற்றங்கரையிலிருக்கும் டொனோரா என்னும் சிற்றூரில் 1948 அக்டோபரில் 20 பேர் உயிரிழந்தது இப்படி மூடிய புகையினால்தான்.

இரண்டாவது வீட்டில் நாங்கள் இருந்தபோது, இலையுதிர் காலத்தில் காலை ஆறரை மணிக்குச் சன்னலைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். மூச்சிரைப்பு உள்ள என் மகளுக்கு அன்றைக்கு வெளி விளையாட்டுக் கிடையாது என்று அதை வைத்தே முடிவு செய்வோம். இன்று மேட்டிலுள்ள எங்கள் வீட்டில் ஆண்டுக்கு நாலைந்து நாள்தான் அந்த வாடை வருகிறது. கிளேர்ட்டனிலேயே குடியிருக்கும் செவிலியர் ஒருவர் என் மனைவியுடன் வேலை செய்கிறார். அவருடைய தெருவில், மூச்சிரைப்பு மருந்தை உறிஞ்சும் குழல் இல்லாத வீடு அரிதென்கிறார். பிட்ஸ்பர்க்கின் காற்று இப்போது நன்றாக இருக்கிறது என்று யாராவது எழுதினால், அவர் எந்த மேட்டில் குடியிருக்கிறார் என்று கேளுங்கள்.

பாலங்கள் நிறைந்த ஊர் என்று இதைப் புகழ்வது வழக்கம். பராமரிப்பு அந்தப் புகழுக்கு ஈடாக இல்லை. 2022 ஜனவரி 28 அன்று விடியற்காலையில், ஃபிரிக் பூங்காவின் பள்ளத்துக்கு மேலே சென்ற ஃபெர்ன் ஹாலோ பாலம் ஒரு பேருந்தோடும் சில கார்களோடும் இடிந்து விழுந்தது. சிலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. பாலத்தின் எஃகுக் கால்கள் அரித்துப்போயிருந்ததையும், பழுது பார்க்கும்படி திரும்பத் திரும்பத் தரப்பட்ட பரிந்துரைகள் நிறைவேற்றப்படாததையும் பின்னர் நடந்த விசாரணை வெளிக்கொணர்ந்தது. புதிய பாலம் அதே ஆண்டு இறுதியில் திறக்கப்பட்டது. அதன் பிறகும், வேறொரு பாலத்துக்கு அடியில் நடக்கும்போது நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

வரியைப் பற்றியும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மாநில வருமான வரி எல்லோருக்கும் 3.07 விழுக்காடு. அதற்கு மேல், நகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள் உழைப்பு வருமானத்தில் நகராட்சிக்கும் பள்ளி மாவட்டத்துக்குமாக 3 விழுக்காடு கட்டவேண்டும். பெரும்பாலான புறநகர்களில் இது 1 விழுக்காடுதான். ஆண்டுக்கு 80,000 டாலர் ஈட்டுபவருக்கு 1,600 டாலர் வேறுபாடு. பள்ளியோடு இதையும் கணக்கிட்டு நம்மவர்களில் பலர் மன்ரோவில் போன்ற புறநகர்களுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு, ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதைக்கு முன்னால் நாள்தோறும் ஊர்ந்து நிற்கிறார்கள்.

இந்த ஊரைப் பற்றிய பாராட்டுகளில் கறுப்பின மக்களின் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. 1950களின் பிற்பகுதியில், ஹில் டிஸ்ட்ரிக்ட் வட்டாரத்தின் கீழ்ப்பகுதியை இடித்து, சுமார் 8,000 பேரை வெளியேற்றி, அங்கே பெரிய அரங்கம் கட்டினார்கள். அந்த அரங்கமும் பின்னர் இடிக்கப்பட்டு, நெடுங்காலம் அங்கே கார்கள்தாம் நின்றன. 2019இல் நகரின் பாலினச் சமத்துவ ஆணையத்துக்காகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளித்த அறிக்கை, கறுப்பினப் பெண்களுக்கு உடல்நலத்திலும் வருமானத்திலும் இவ்வூர் மிகப் பின்தங்கியிருக்கிறது என்றும், பெரும்பாலான பிற நகரங்களுக்குப் போனாலே அவர்களின் நிலை மேம்படும் என்றும் கூறியது. வாழ ஏற்ற நகரம் என்ற பட்டத்தை நான் இப்போதெல்லாம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்.

தமிழ்க் குடும்பங்களுக்குப் பென் ஹில்ஸ் மலைமேல் 1970களில் எழுந்த வேங்கடேசுவரர் கோயில் பெரிய ஆறுதல். அமெரிக்காவின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, கீழே புளியோதரையும் தயிர்சாதமும் வாங்கிச் சாப்பிடும் சனிக்கிழமைகள் எங்களைப் போன்றோருக்கு ஊர்ப் பயணத்துக்கு ஈடானவை. தனியாக வரும் இளைஞர்களின் நிலை வேறு. நவம்பரில் மூடும் மேகம் மார்ச் வரை விலகுவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் போக இடம் குறைவு. 2000களின் நடுவில் ஒரு பெரிய விமான நிறுவனம் தன் மையத்தை இங்கிருந்து விலக்கிக்கொண்டபின் நேரடி விமானங்களும் சுருங்கின. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர், “அண்ணா, ஊர் நல்ல ஊர்தான், ஆனால் எனக்கு வெயில் வேண்டும்” என்று சொல்லிவிட்டு இரண்டே குளிர்காலத்தில் டெக்ஸாசுக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

வருவதென்று முடிவெடுத்தவர்கள், இலைகள் சிவக்கும் அக்டோபர் வார இறுதியில் வந்து பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். ஜனவரியில் வாருங்கள். வீடு பார்க்கும் தெருவில் விடிகாலையில் நின்று மூச்சிழுத்துப் பாருங்கள். அலுவலகத்துக்குப் பேருந்தில் ஒருமுறை போய்வாருங்கள். முடிந்தால் பெருமழை பெய்த மறுநாள் நிலவறைக்குள் இறங்குங்கள். இங்கே பல இடங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், கனமழையில் அது வீட்டுக்குள் எதிர்த்து ஏறும். எங்கள் முதல் வீட்டுக்காரர் நிலவறைச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்துக் காட்டினார். மூன்றாம் மாதம் எங்கள் பெட்டிகள் கணுக்கால் அளவு சாக்கடை நீரில் மிதந்தன. ஆகையால் சுவரைப் பார்க்காதீர்கள். தரையோடு ஒட்டிய கடைசிச் செங்கல் வரிசையைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டினால் அந்த வீடு வேண்டாம்.