க்ரும்லோவா, டெல்ச்சா?

செக் நாட்டின் தலைநகர் பிராகிலிருந்து ஒரு சிற்றூருக்குத்தான் நேரம் என்றால் செஸ்கி க்ரும்லோவா, டெல்ச்சா என்று பலரும் குழம்புகிறார்கள். இரண்டுமே 1992-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.

இடம்: க்ரும்லோவை வல்தாவா ஆறு வளைத்துப் போகிறது, பாறைமேல் கோட்டை, ஏற்றம் அதிகம். டெல்ச்சைச் சுற்றி, காவலுக்காக வெட்டிய குளங்கள்.

வரலாறு: க்ரும்லோவ் 1302 முதல் 1602 வரை ரோசன்பெர்க் குடும்பத்திடம் இருந்தது, அப்புறம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் வாங்கினார். கோட்டையின் 18-ஆம் நூற்றாண்டு நாடக அரங்கில் மேடை இயந்திரங்கள்கூட அப்படியே இருக்கின்றன, அதற்காகவே போகலாம். டெல்ச் 1530-இல் எரிந்தது. வீடுகளின் மறுமலர்ச்சிக் கால முகப்புகள் அதன்பின் வந்தவை.

போக்குவரத்து: க்ரும்லோவுக்கு நேரடி பஸ் உண்டு, கூட்டமும் உண்டு.

வரலாறு தேடுவோருக்கு க்ரும்லோவ். பெற்றோரோடு நிதானமாக நடக்க டெல்ச்.