பிளஸ் ஒன்னில் உயிரியலா, கணினி அறிவியலா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சேலத்து வீடுகளில் இந்தப் பேச்சுதான். இரண்டு குரூப்பிலும் கணிதம், இயற்பியல், வேதியியல் உண்டு. நாலாவது பாடம்தான் வேறு. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது. அதனால் பி.இ. மட்டும்தான் என்றால் எதை எடுத்தாலும் சரி.

உயிரியல் எடுத்தால் நீட், நர்சிங் வழியும் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கும் ஏற்காட்டுப் பிள்ளைக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதை யோசிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஆனால் படம் வரைந்து, பாகம் குறித்து, பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். கணினியில் அந்தச் சுமை குறைவு. கணிதம் போட்டுப் பார்க்க நேரம் மிஞ்சும்.

முடிவெடுக்க முடியவில்லை என்றால் உயிரியலையே சொல்வேன். பிள்ளைக்கு அந்தப் பாடமே பிடிக்கவில்லையா, வற்புறுத்தாமல் கணினியில் சேருங்கள்.