மஞ்சள் போர்டு டிராவலரை ‘வெள்ளை போர்டு ஆக்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குடும்பத்துக்கென்று பழைய டெம்போ டிராவலர் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிறதா, ஏசி குளிர்கிறதா, புகை தள்ளுகிறதா என்று எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நாங்களும் பார்த்தோம். நாங்கள் அடி வாங்கியது பேப்பரில்.

எங்களுடையது கூட்டுக்குடும்பம். அம்மா, அப்பா, அத்தை, அண்ணன் வீடு, என் வீடு எல்லாம் சேர்த்துப் பதினொரு பேர். குலதெய்வம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் இரண்டு கார் எடுக்க வேண்டும். யார் எதில் ஏறுவது என்ற பஞ்சாயத்து வாசலிலேயே ஆரம்பித்துவிடும். இன்னோவா, எர்டிகா எல்லாம் ஏழெட்டுப் பேரோடு சரி. புதிதாக ஃபோர்ஸ் அர்பேனியா வேன் வாங்குவது நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. அப்பாவுக்கு முட்டி வலி. குனிந்து நெளிந்து பின் சீட்டுக்குப் போக முடியாது, உள்ளே நிமிர்ந்து நடக்க இடம் வேண்டும். அப்படித்தான் 12+1 சீட் டிராவலர் என்று முடிவானது. கம்பெனி பெயர் 2005லேயே பஜாஜ் டெம்போவிலிருந்து ஃபோர்ஸ் என்று மாறிவிட்டது, ஆனால் எங்கள் ஊரில் இன்னும் டெம்போதான்.

சொந்த உபயோகத்துக்கென்று பதிவான டிராவலர் பழைய சந்தையில் கிடைப்பது அபூர்வம். பத்தில் ஒன்பது டிராவல்ஸில் ஓடிய மஞ்சள் போர்டு வண்டிகள், அதாவது வாடகைக்கு ஓட்டப் பதிவானவை. அவற்றைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றுவதைத்தான் வெள்ளை போர்டு ஆக்குவது என்கிறோம். இந்த இடத்தில்தான் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

எங்களுக்கு விற்ற கன்சல்டிங்கின் பெயரை இங்கே போடப்போவதில்லை, வழக்கு நடக்கிறது. 2017 மாடல், வெள்ளைக் கலர், பார்க்கப் பளிச்சென்று இருந்தது. விலை எட்டு லட்சம். “ஏனுங்கண்ணா, லோன் எல்லாம் முடிஞ்சுது. பெர்மிட்டை சரண்டர் பண்ணி, வெள்ளை போர்டு போட்டு, பேர் மாத்தி எல்லாம் நம்ம பொறுப்புங்க. பத்து நாள் வேலை. நீங்க வண்டியை எடுத்துட்டுப் போய் சாமி கும்பிட்டுட்டு வாங்க” என்றார். கையில் முன்னாள் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களையும் காட்டினார். தேதி எழுதும் இடம் காலியாக இருந்தது.

முழுப் பணமும் வாங்கிக்கொண்டார். அதோடு எட்டு லட்சத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 1,44,000 தனியாக. அதற்கு பில் கேட்டதும் “பேர் மாறும்போது சேர்த்துத் தர்றேன்” என்றார். கடைசிவரை வந்தது ஒரு டெலிவரி நோட்டும், லெட்டர்பேடில் எழுதிய ரசீதும்தான். அதில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை.

இந்த ஜி.எஸ்.டி. விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், நிறையப் பேரிடம் இப்படிப் பறிக்கிறார்கள். பழைய வண்டி வியாபாரத்தில், உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காத (தான் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளாத) வியாபாரி வரி கட்ட வேண்டியது அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். ஏழு லட்சத்துக்கு வாங்கி எட்டுக்கு விற்றால், ஒரு லட்சத்துக்கு 18 சதவீதம், அதாவது 18,000. முழு விலைக்கும் போட்டு வாங்கினால் மீதி எங்கே போகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் நடந்தது. பத்து நாள் மாதமானது. போன் செய்தால் “ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வர் டவுன்”, “கிளார்க் லீவு”, “அமாவாசை கழியட்டும்” என்று விதவிதமாகப் பதில் வந்தது. கடைசியில் அண்ணனும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போனோம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வயதானவர், நிதானமாகப் பேசினார். ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். பேனாவை ஒவ்வொரு சீட்டின் தலையிலும் தட்டி எண்ணிக்கொண்டே கடைசி வரிசை வரை போனார். திரும்பி வந்து இன்னொரு தடவை எண்ணினார். “ஆர்.சி.யில் டிரைவரோட பதிமூணு. இங்க பதினேழு இருக்குதே?” என்றார். டிராவல்ஸ்காரர் சீட்டுகளை நெருக்கிப் போட்டு, பின்னால் ஒரு வரிசையைக் கூடுதலாக வெல்டிங் வைத்திருக்கிறார். கால் நீட்ட இடமில்லை என்று அத்தை முதல் நாளே புலம்பியதற்குக் காரணம் அங்கேதான் தெரிந்தது. கன்சல்டிங்காரர் இதை “எக்ஸ்ட்ரா சீட், உங்களுக்கு லாபம்” என்று சொல்லி விற்றிருந்தார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக இப்படி வண்டியை மாற்றக் கூடாது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எண்ணுவது சீட்டைத்தான்.

அது ஒன்று. அதைவிடப் பெரியது அடுத்த கவுன்டரில் காத்திருந்தது. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருக்கிறது. “லோன் முடிஞ்சுது” என்று அவர் சொன்னது பொய்யில்லை, இந்த வண்டியின் லோன் முடிந்துதான் இருந்தது. ஆனால் பழைய உரிமையாளர் அதே கம்பெனியில் வேறொரு வண்டிக்கும் கடன் வாங்கியிருக்கிறார், அதற்குத் தவணை நிற்கிறது. அதைக் கட்டாமல் இதற்கு என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) தரமாட்டோம் என்று பைனான்ஸில் உட்கார்ந்துவிட்டார்கள். என்.ஓ.சி.யும் 35ஆம் படிவமும் இல்லாமல் பைனான்ஸ் பெயரை ஆர்.சி.யிலிருந்து எடுக்க முடியாது. அதனால் “லோன் முடிந்ததா” என்று கேட்பதோடு விடாதீர்கள். கையெழுத்தும் சீலும் போட்ட என்.ஓ.சி.யைக் கண்ணால் பாருங்கள்.

பெர்மிட் இன்னும் சிக்கல். யார் பெயரில் பெர்மிட் இருக்கிறதோ அவர்தான் சரண்டர் செய்ய வேண்டும். வரி நிலுவையில்லாமல் இருக்க வேண்டும். பெர்மிட் ரத்தான பிறகுதான் சொந்த உபயோக ஆம்னி பஸ் வகைக்கு (டிரைவர் போக ஆறு பேருக்கு மேல் ஏறும் வண்டிக்குச் சட்டத்தில் அதுதான் பெயர்) மாற்றுவதைப் பற்றியே பேச முடியும், அதற்குரிய வரியும் தனி. எங்கள் வண்டிக்கு வரி நின்றிருந்தது, அதோடு வேகத்துக்கும் வேறு எதற்கோவும் இ-சலான்கள் வரிசையாகக் கிடந்தன. பெயர் மாற்றத்துக்கு வரும் ஓ.டி.பி. யாருக்குப் போகிறது என்று பார்த்தால், பழைய உரிமையாளருக்கும் போகவில்லை. எப்போதோ எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிய ஏதோ ஏஜென்டின் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். தேதி போடாத 29, 30 படிவங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வெற்றிலை மடிக்கவா?

பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்தோம். அவர் பாவம், தன் பங்குக்கு ஏமாந்தவர். கன்சல்டிங்காரர் அவருக்கும் பாதிப் பணம் பாக்கி. “அவர் கணக்கு முடிக்கட்டும், நான் எங்க வேணாலும் வந்து கையெழுத்துப் போடறேன்” என்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இதற்கு நடுவே ஒரு நாள் காலையில் பைனான்ஸில் இருந்து இரண்டு பேர் வண்டியைத் தூக்க வந்துவிட்டார்கள். வாசலில் அம்மா நின்று பேசிச் சமாளித்து அனுப்பினார். அதற்குப் பிறகு வண்டியை வெளியே எடுக்கவே இல்லை.

நின்ற வண்டியைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்துக் காட்டினோம். வாங்கும்போது கூட்டிக்கொண்டு போன ஆள் இன்ஜினை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டியவர். இவர் வந்ததும் இன்ஜின் பக்கமே போகவில்லை. படிக்குப் பக்கத்தில் தரை விரிப்பைக் கிழித்துத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். தகடு பொத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது, கீழே சிமென்ட் தரை தெரிந்தது. வீல் ஆர்ச் மேல் காந்தத்தை வைத்தார், ஒட்டாமல் விழுந்தது. அத்தனையும் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று நாங்கள் மகிழ்ந்தது ரீசோல் டயர். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைக் காட்டினார்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வண்டி தயாரான அதே வருடத்து டயர். மேலே மட்டும் புது ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். கிலோமீட்டர் காட்டுவது எழுபதாயிரத்துச் சொச்சம், ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு எட்டிப் பார்த்தது. டிராவல்ஸ் வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடும் என்று யோசித்தாலே அந்த மீட்டர் கதை புரிந்துவிடும்.

விற்கும்போது அவர் அவிழ்த்துவிட்ட இன்னும் இரண்டு கதைகளையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களிடமும் சொல்லக்கூடும். ஒன்று, “இதை ஓட்ட பேட்ஜ் வேணும், நம்ம டிரைவரை மாசச் சம்பளத்துக்குத் தர்றேன்” என்பது. பேட்ஜ் என்றால் வாடகை வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் அனுமதி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம். மஞ்சள் போர்டாக இருந்தாலும் அதுதான் நிலை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. டிராவலர் அந்த எடைக்கு வெகு கீழே. இன்னொன்று, “சும்மா நிற்கிற நாள்ல வாடகைக்கு விடுங்க, தவணை அதுலயே வந்துடும்” என்பது. வெள்ளை போர்டை வாடகைக்கு ஓட்டினால் பெர்மிட் இல்லாத குற்றம், விபத்தானால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். தயவுசெய்து அந்தக் கணக்கைப் போட்டு வண்டி வாங்காதீர்கள்.

இதெல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக் கூடியவைதான். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டாலே எஃப்.சி., இன்சூரன்ஸ், பைனான்ஸ் விவரம் வந்துவிடும். இ-சலான் தளத்தில் அபராதம் தெரியும். ஆனால் கடையில் பார்த்தபோது முன் நம்பர் பிளேட் கழற்றி வைக்கப்பட்டிருந்தது, பின்னால் துணி தொங்கியது. “விற்கிற வண்டிக்கு நம்பர் காட்டக் கூடாதுங்க, மிஸ்யூஸ் பண்ணிடுவாங்க” என்றார். நம்பரும் ஆர்.சி. நகலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வந்தன. அப்படிச் சொல்லும் இடத்தில் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்பவர்களுக்கு என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி ஏற்பாடு இருக்கிறது. வியாபாரி போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அது 29பி படிவம். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை 29சி படிவத்தில் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு வண்டிக்குப் பொறுப்பு அந்த வியாபாரிதான். என்.ஓ.சி., பெயர் மாற்றம் போன்றவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். எங்கள் ஆளிடம் அப்படி எதுவும் இல்லை. நான் கேட்டபோது “அது சிட்டிக்காரங்களுக்குங்க” என்றார்.

பணத்தைத் திரும்பக் கேட்டோம். முதலில் வேறு வண்டி தருகிறேன் என்றார், பிறகு ஒரு லட்சம் பிடித்துக்கொண்டு மீதி தருகிறேன் என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. போலீசில் கொடுத்த புகாருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) கிடைத்தது. “இது சிவில் மேட்டர், பேசி முடிச்சுக்கங்க” என்று அறிவுரையும் கிடைத்தது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை கட்டணம் வெறும் 200 ரூபாய்தான், ஐந்து லட்சம் வரை அதுவும் இல்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் மனுவோடு சேர்த்தோம். எங்களிடம் உருப்படியாக இருந்தது வங்கிப் பரிமாற்ற விவரமும், “பத்து நாளில் வெள்ளை போர்டு” என்று அவர் தன் வாயாலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும்தான். ரொக்கமாகக் கொடுத்த பகுதிக்கு அந்த லெட்டர்பேடு ரசீதை விட்டால் ஆதாரம் இல்லை, அதை அவர் தரப்பு இப்போது மறுக்கிறது. முழுப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். வெள்ளை போர்டு ஆக்கித் தருவது யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், தவறினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் பெர்மிட் சரண்டர் ஆகி, பைனான்ஸ் பெயர் நீங்கி, ஆர்.சி.யில் சொந்த உபயோகம் என்று மாறிய பிறகே பெரும் பணத்தைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

டிராவலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினொரு பேர் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். எட்டடிக்கு மேல் உயரம் என்பதால் ஜவுளிக்கடை, மருத்துவமனை அடித்தள பார்க்கிங் பலவற்றில் நுழையாது, கடைசி வரிசையில் குலுக்கல் அதிகம், குட்டிச் சந்துகளில் திருப்ப ஒருவர் இறங்கி நிற்க வேண்டும். இதெல்லாம் பழகிவிடும்.

இந்த மாவட்டங்களில் யாராவது மஞ்சள் போர்டு வண்டி பேசிக்கொண்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் பதிவெண்ணையும் ஆர்.சி. படத்தையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எதில் என்ன பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்கு அத்துப்படி. எங்களை ஏமாற்றிய கடைதானா என்று கேட்பவர்களுக்கும் அங்கேயே பதில் சொல்கிறேன்.