நாடு பார்த்து அனுப்புவதா, கேட்டுவிட்டு அனுப்புவதா?

இலங்கையின் பண்டாரவளையில் எங்கள் சின்னத் தேயிலைக் கடைக்கு வந்துபோன வெளிநாட்டுக்காரர்களுக்கு, புதுத் தூள் வந்ததும் ஈமெயில் போடுவோம். இதற்கு இரண்டு வழி உண்டு. முகவரிகளை நாடு வாரியாகத் தனித்தனித் தாளில் பிரித்து, அந்தந்த நாட்டுச் சட்டப்படி அனுப்பலாம். அல்லது எந்த நாட்டவர் என்று பாராமல், சம்மதம் தந்தவருக்கு மட்டும் அனுப்பலாம். முதல் வழியில் ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டு இரண்டாவதுக்கு மாறியவன் நான். என் சாய்வு இப்போதே தெரிந்திருக்கும்.

முதல் வழியில் ஆசை காட்டுவது அமெரிக்கா. விளம்பர ஈமெயில் பற்றி அங்குள்ள 2003ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டம் முன்சம்மதம் கேட்பதில்லை. தலைப்பில் பொய் கூடாது, அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்றவரை 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். விருந்தினர் புத்தகத்தில் எழுதிய அமெரிக்கர் எல்லோருக்கும் தட்டிவிடலாம். பட்டியல் மளமளவென்று நீளும்.

சிக்கல் பராமரிப்பில். ஜிமெயில் முகவரியைப் பார்த்து ஆள் எந்த ஊர் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கத் தாளில் போட்டிருந்த ஒருவர் உண்மையில் டொராண்டோக்காரர். கனடாவில் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் சம்மதமில்லாமல் அனுப்ப விடாது. பொருள் வாங்கியவர் என்றால் 2 வருடம், விசாரித்துவிட்டுப் போனவர் என்றால் 6 மாதம் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். அப்படியானால் ஒவ்வொருவரும் கடைசியாக வாங்கிய தேதியைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல் சீசனில் பக்கெட் கட்டவே கை போதாது, இதில் தேதியை யார் பார்ப்பது? வேண்டாம் என்று எழுதிய ஓர் அம்மாவின் பெயரை ஒரு தாளில் வெட்டினேன். இன்னொரு தாளில் இருந்துவிட்டது. மறுபடி கடிதம் போய், நல்ல ஏச்சு வாங்கினேன். நியாயமான ஏச்சுதான்.

இரண்டாவது வழியில் தாள் ஒன்றே. ருசி பார்க்கத் தேத்தண்ணி ஊற்றும்போதே ஒரு துண்டை நீட்டுகிறோம். விருப்பமென்றால் கட்டத்தில் அவரே சரி போடட்டும்; நாங்கள் முன்கூட்டிப் போட்டு வைப்பதில்லை. தேதி எழுதி ஃபைலில் சேர்த்துவிடுவோம். அந்தத் துண்டில்தான் விஷயமே இருக்கிறது. சம்மதம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் அனுப்பியவர்தான் என்கிறது கனடாச் சட்டம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரும் அதையேதான் கேட்கிறது. கனடாவில் தனியாளுக்கே 10 லட்சம் டாலர் வரை தண்டம் போடலாம். அந்தக் காசுக்கு என் கடையைப் பல தடவை விற்க வேண்டும்.

சரி, பழைய ஆட்களிடம் ஈமெயிலிலேயே சம்மதம் கேட்கலாமே என்று நினைத்தேன். கனடாவில் அப்படிக் கேட்கும் கடிதமும் விளம்பரக் கணக்கில்தான் சேரும். அதனால் கேட்காமலே அவர்களை வெட்டினேன்; பட்டியலில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலித்தது.

ஈமெயிலில் போட வேண்டிய அஞ்சல் முகவரி விஷயம் இரண்டு வழிக்கும் பொது. நான் இருப்பது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அதனால் டவுன் கடையின் முகவரியைப் போட்டேன். நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தின் பக்கமே நிற்கிறது.

அமெரிக்கர்களுக்கு மட்டும், ஆயிரக்கணக்கில் அனுப்புகிறவருக்கு முதல் வழி கட்டுபடியாகலாம். அந்த அளவில் நான் செய்து பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவிலும் எனக்கு நாலைந்து பேர்தான்; அங்கே நீக்குவதற்கு 5 வேலை நாள்.

இப்போது பட்டியலில் 212 பேர். போன மாதம் அனுப்பியதற்கு ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு பதில் வந்தது. அன்று மாலையே வெட்டினேன், ஒரே தாளில்.