கிரிக்கெட்டா, ஓட்டமா, செஸ்ஸா: அக்கா மகளுக்குச் சொன்னது

அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. எனக்கு வந்த அதே விழித்திரை நோய் அவளுக்கும் இருக்கிறது. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெருவில். போன மாதம் வந்து உட்கார்ந்தவள், "மாமா, பிடி பீரியட்ல என்னை ஓரமா உட்கார வச்சிடறாங்க. எனக்குப் போட்டியில ஆடணும். எதுல சேரட்டும்?" என்றாள். மூன்று ஆட்டத்தையும் ஆடிப் பார்த்தவன் என்பதால் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

இந்த ஊரில் முதலில் வாயில் வருவது கிரிக்கெட். பார்வையற்றோர் டி20 உலகக் கோப்பையின் 2017, 2022 இறுதி ஆட்டங்கள் சின்னசாமி மைதானத்தில்தான் நடந்தன, இரண்டிலும் இந்தியா வென்றது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 2025 நவம்பரில் நடந்தது. அதை வென்ற இந்திய அணியின் கேப்டன் தீபிகா, கர்நாடகத்துப் பெண். அதனால் அவளுக்கு வழி திறந்தே இருக்கிறது.

ஆட்டத்தின் சுகமே காதில்தான். உள்ளே சின்ன உலோகக் குண்டுகள் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் பந்து. பவுலர் "ரெடி?" என்பார், நாம் "யெஸ்" என்போம், "ப்ளே" என்ற சத்தத்தோடு பந்து தரையோடு கலகலவென்று வரும். மண்டி போட்டு ஸ்வீப் அடிக்க வேண்டும். அந்த நொடியில் வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தால் பந்து தொலைந்தது! பதினோரு பேரில் குறைந்தது நான்கு பேர் முழுப் பார்வையற்ற பி1 பிரிவாக இருக்க வேண்டும். பி1 ஆட்டக்காரர் அடிக்கும் ரன் இரட்டிப்பாகும், ஒரு முறை தரையில் பட்டு எழுந்த பந்தை அவர் பிடித்தாலும் அவுட். பார்வையே இல்லாதவருக்கு அணியில் இடம் கொடுத்தே தீர வேண்டும் என்று விதியே சொல்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இன்றும் என் நெருங்கிய நண்பர்கள் அந்த அணியில் கிடைத்தவர்கள்தான்.

ஆனால் ஒரு பயிற்சிக்கு இருபது பேராவது கூட வேண்டும், மைதானமும் வேண்டும். ஞாயிறுதோறும் தருகிறோம் என்று சொன்ன ஒரு பள்ளி, மூன்றாவது வாரமே மைதானத்தைக் கல்யாணத்துக்கு விட்டுவிட்டது. வெவ்வேறு மூலையிலிருந்து பஸ் மாறி வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதோடு, பாராலிம்பிக்கில் கிரிக்கெட் கிடையாது.

செஸ்ஸுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ஓட்டை போட்ட பலகை, கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும், கறுப்புக் காய்களின் தலையில் சிறு முனை இருக்கும். பலகை முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கலாம், காயை ஓட்டையிலிருந்து எடுத்தால்தான் 'தொட்டதாக' கணக்கு. நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏ வரிசைக்கு அன்னா, பி வரிசைக்கு பெல்லா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வையுள்ளவர்களோடு அதே போட்டியில் உட்கார்ந்து, அவர்கள் வாங்கும் அதே ரேட்டிங்கை நாமும் வாங்கலாம். மற்ற இரண்டிலும் இது இல்லை. ஆனால் அவளோ ஓரமாக உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் வந்தவள். அவளை மறுபடி ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூடோவும் நல்ல வழிதான், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் வெண்கலம் வாங்கினார். நான் ஆடாதது, அதனால் அதிகம் சொல்லவில்லை.

ஓட்டத்துக்கு ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். முழுப் பார்வையற்றவர்களுக்கான டி11 பிரிவில் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் சின்னக் கயிற்றோடு வழிகாட்டியுடன் ஓட வேண்டும். கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கான டி12இல் வழிகாட்டி நம் விருப்பம். எல்லைக் கோட்டை வழிகாட்டி முந்திக் கடந்தால் தகுதி போய்விடும். பாரிஸில் சிம்ரன் சர்மா 200 மீட்டரில் வெண்கலம் வென்றது வழிகாட்டி அபய் சிங்கோடு ஓடித்தான். கர்நாடகத்தின் ரக்ஷிதா ராஜு ஆசிய பாரா விளையாட்டில் 1500 மீட்டர் தங்கத்தை இரண்டு முறை வாங்கியவர்.

கப்பன் பார்க்கில் என்னோடு ஓடிய நண்பர் அதிகம் பேச மாட்டார். "வேர்... இடது... மூணு படி." அவ்வளவுதான். மீதி எல்லாம் கயிற்றில் தெரியும்: அவர் தோள் திரும்புவதற்கு முன்பே என் மணிக்கட்டுக்குச் செய்தி வந்துவிடும். அவர் வேலை மாறிப் போன பிறகு எட்டு மாதம் நான் ஓடவே இல்லை.

அதனால் அவளிடம் சொன்னது இதுதான். ஓட்டத்தில் சேர். இப்போது தனியாக ஓடும் அளவுக்குப் பார்வை இருக்கிறது, சரி. ஆனாலும் இன்றிலிருந்தே கயிறு பிடித்துப் பழகு. பார்வை இன்னும் குறையும் நாளில் கயிறு உனக்குப் புதிதாக இருக்கக் கூடாது. ஒருவரை மட்டும் நம்பாதே, மூன்று பேரைப் பழக்கு. கிரிக்கெட்டை மாதம் ஒரு முறையாவது ஆடு, அங்கேதான் உன்னைப் போன்ற பிள்ளைகள் கிடைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பார்க்குக்குள் வண்டி விடுவதில்லை. இந்த வாரம் அவளோடு ஓட வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் வருகிறார்கள். என் பழைய கயிற்றைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.