1965–66 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள்: பெயின்டைப் பார்க்காதீர்கள், தகரத்தைப் பாருங்கள்

பழைய அமெரிக்கத் திறந்த கார் ஒன்றை முதல்முறையாக வாங்க நினைப்பவருக்கு ஃபோர்டு மஸ்டாங்கைத் தயங்காமல் சொல்லலாம். 1965 மாடலில் ஒரு லட்சத்துக்கும் மேல், 1966-இல் 72,119 கன்வெர்ட்டிபிள்கள் வந்தன. வண்டிக்கும் பஞ்சமில்லை, உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. ஆபத்தும் அதில்தான்: எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைப்பதால், சாதாரண வண்டியை உயர்ந்த ரகமாக வேஷம் கட்டுவது சுலபம்.

டிரைவர் பக்கக் கதவில் ரிவெட் அடித்திருக்கும் தகட்டை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். அதே மாதிரித் தகடு காசு கொடுத்தால் கிடைக்கும். பானெட்டைத் தூக்கி, இடது ஃபெண்டரின் (மட்கார்டு) உள்தகரத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள். அது தெரிவதற்காகவே ஃபெண்டர் விளிம்பில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். முதல் இலக்கம் ஆண்டு, 5 அல்லது 6. அடுத்த எழுத்து தொழிற்சாலை. அதற்கடுத்து 08 இருந்தே ஆகவேண்டும். 07 இருந்தால் அது கூரையை அறுத்த கூப்பே, அதாவது முதலில் நிலையான கூரையோடு வந்த வண்டி. பிறகு வரும் எழுத்து இன்ஜின்: ‘டி’ (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். ‘சி’, ‘ஏ’, ‘கே’ மூன்றும் 289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர். முறையே 200, 225, 271 குதிரைத்திறன். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங் தழும்போ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

“இன்ஜின் நம்பரும் மேட்ச் ஆகுது” என்று ‘சி’ வண்டிக்காரர் சொன்னால் கவனம். 1968-க்கு முன் ஃபோர்டு வண்டி எண்ணைக் குத்தியது ‘கே’ இன்ஜினில் மட்டும்தான். மற்றவற்றில் பிளாக்கின் வார்ப்புத் தேதியைத்தான் பார்க்க முடியும். ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் ‘5பி20’ என்றிருந்தால் 1965 பிப்ரவரி 20. கதவுத் தகட்டில் ‘12சி’, அதாவது மார்ச் 12 என்றிருந்தால் பொருந்துகிறது. பிளாக்கின் தேதி வண்டியின் தேதிக்குப் பின்னால் வந்தால் இன்ஜின் மாறியிருக்கிறது.

ஆறு சிலிண்டரை வி8 ஆக்கியவர்கள் பலர் அடியில் கை வைப்பதில்லை. சக்கர போல்ட்டை எண்ணுங்கள்: ஆறு சிலிண்டருக்கு நான்கு, வி8-க்கு ஐந்து.

ஜி.டி. என்ற உயர்ரகத் தொகுப்பின் பெயருக்குத் தனி விலை கேட்பார்கள். வண்டி எண்ணில் ஜி.டி.க்குக் குறியீடே கிடையாது. தொழிற்சாலைப் பதிவிலிருந்து வண்டியின் அசல் விவரத்தைத் தரும் மார்ட்டி அறிக்கை 1967 முதலான ஃபோர்டுகளுக்குத்தான் கிடைக்கும், இவற்றுக்கு இல்லை. இன்ஜின் ‘ஏ’ அல்லது ‘கே’ ஆக இருக்கவேண்டும், முன்னால் டிஸ்க் பிரேக் வேண்டும். சைலன்சரைத் தாங்க பின் ஃபிரேம் ரெயிலில் தொழிற்சாலையில் வெல்டு செய்த வலுவூட்டுத் தகடும் வேண்டும். இல்லையென்றால் பனிவிளக்குக்கும் பக்கவாட்டுக் கோட்டுக்கும் ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். உடம்பு கெட்டியான அசல் ‘சி’ வண்டி, சந்தேகத்துக்குரிய ஜி.டி.யைவிட எவ்வளவோ மேல்.

உடம்பு என்பதுதான் முக்கால்வாசி மதிப்பு. கூரை இல்லாததால் பாரம் முழுவதையும் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டியும் தரைத் தகரமும் சுமக்கின்றன. அதற்காகவே இதில் கூப்பேயைவிடத் தடித்த உள் ராக்கரும், முன் இருக்கைகளுக்கு அடியில் ஒரு வலுவூட்டுத் தகடும் உண்டு. அவை இருக்கின்றனவா என்று படுத்துப் பாருங்கள். பிறகு கதவு மூடியிருக்க, முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபிரேமில் ஜாக் வைத்துத் தூக்குங்கள். கதவின் இடைவெளி அப்படியே இருக்கவேண்டும், திறந்து மூடவும் வேண்டும். மேல் இடைவெளி நெருங்கினாலோ பூட்டு சிக்கினாலோ உள்ளே துரு தின்றுவிட்டது. மேலே பட்டி போட்டு மறைத்திருப்பார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது.

கண்ணாடிக்கு முன்னிருக்கும் காற்றுத் துவாரத்தில் இரு பக்கமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் உள்ளே அழுகியிருக்கிறது. சரிசெய்ய புள்ளி வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகரத்தையே பிரிக்கவேண்டும். கூலி, பாகத்தின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

மோட்டார் வைத்த கூரையானால், ஏறும்போது இரு பக்கமும் ஒன்றாக எழவேண்டும். பின் இருக்கையைக் கழற்றி பம்ப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிவுக்கு விலையைக் குறைத்துக் கேட்டால் போதும், வண்டியை விடவேண்டியதில்லை.